பேட்டரி பைக் ஓடவில்லையா? பழுது எங்கே என்று முதலில் பாருங்கள்

மளிகை வியாபாரிகளுக்கும் குழந்தைகள் ஓட்டும் பேட்டரி பைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நம் அன்பர்கள் கேட்கலாம். இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் நம்மில் பலர் அரிசி, பருப்போடு நிற்பதில்லை. பொங்கலுக்கு முன்பும், ஆருத்ரா தரிசனம், ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தின்போதும், கோடை விடுமுறையிலும் விளையாட்டுச் சாமான்களையும் வாங்கி வைத்து விற்கிறோம். அதில் பெரிய தொகைக்குப் போவது, பையன்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி பைக். விற்காதவர்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைக்கு என்று ஒன்று வந்து நிற்கிறது.

விற்கும்போது மகிழ்ச்சிதான். இருபது நாள் கழித்து, "ஓடவே மாட்டேன் என்கிறது, பணத்தைக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் வண்டியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நிற்கும்போதுதான் சங்கடம். எட்டாயிரத்துக்கு விற்ற வண்டியில் நமக்கு ஆயிரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி திரும்பி வந்து முதல் முழுவதும் போனால், அதற்கு முன் விற்ற ஏழு வண்டிகளின் லாபம் அதோடு போய்விடும். அதைவிடப் பெரிய நட்டம், மாதாமாதம் மளிகை எடுக்கும் குடும்பம் அடுத்த கடைக்குப் போய்விடுவது.

இத்தனைக்கும் திரும்பி வரும் வண்டிகளில் பலவற்றின் பழுது மிகச் சிறியது. பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பழைய சைக்கிளுக்கு டைனமோ மாட்டத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

சிறு குழந்தைகள் ஓட்டுவது 6 வோல்ட் அல்லது 12 வோல்ட் வண்டி. சற்றுப் பெரிய பையன்கள் மண்ணிலும் மேட்டிலும் ஓட்டும் 'டர்ட் பைக்' எனப்படும் வண்டி 24 அல்லது 36 வோல்ட்டில் ஓடுகிறது. அமெரிக்காவில் பெயர் பெற்ற ரேசர் கம்பெனியின் எம்.எக்ஸ். 350 வண்டி 24 வோல்ட், எம்.எக்ஸ். 650 வண்டி 36 வோல்ட். 24 வோல்ட் என்றால் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். 36 என்றால் மூன்று. பெரும்பாலும் இவை மூடி போட்ட ஈயப் பேட்டரிகளே. 1859-ல் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த அதே ஈயமும் அமிலமும்தான் நம் கடை இன்வெர்ட்டரிலும் இருக்கிறது, பேரன் பைக்கிலும் இருக்கிறது.

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் பியூஸ் வழியாகவும் சாவி சுவிட்ச் வழியாகவும் கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டிக்குப் போகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் விடும். பிரேக்கைப் பிடித்தால் பிரேக் லீவரில் உள்ள சிறு சுவிட்ச், "நிறுத்து" என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும். அவ்வளவுதான் வண்டி. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் வண்டி நிற்கும். ஆனால் ஜனங்கள் எல்லாவற்றுக்கும் சொல்வது ஒன்றே: "பேட்டரி செத்துப்போச்சு!"

மீட்டர் ஒன்று கல்லாவுக்குக் கீழே இருக்கட்டும்

மல்டிமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தராசு இல்லாமல் கண்ணால் பார்த்துப் பருப்பு போடுவோமா? மீட்டர் இல்லாமல் பேட்டரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் அப்படித்தான். மீட்டரின் முள்ளை டி.சி. வோல்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பார்க்க 20 என்ற எண்ணிலும், 24 அல்லது 36 வோல்ட்டைச் சேர்த்துப் பார்க்க 200 என்ற எண்ணிலும் வைக்கவும். சுவரில் உள்ள பிளக்கில் இந்த முனைகளைச் செருகி விளையாட வேண்டாம்.

சார்ஜ் ஏற்றி முடித்து இரண்டு மணி நேரமாவது ஓய்வாக இருந்த 12 வோல்ட் பேட்டரி இப்படிக் காட்டும்:

12.7 அல்லது அதற்குமேல் - நிறைந்திருக்கிறது.
12.2 அளவில் - பாதி.
11.8-க்குக் கீழ் - காலி.
ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றியும் 12-ஐத் தாண்டவில்லை - பேட்டரியின் காலம் முடிந்தது.

இதோடு நின்றுவிடக் கூடாது. ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, வேலை கொடுத்தவுடன் படுத்துவிடும் பேட்டரிகள் உண்டு. சம்பளத்தன்று நேரத்துக்கு வந்து, மூட்டை தூக்கும் நாளில் காணாமல் போகும் ஆளைப் போல. ஆகவே ஒருவரை வண்டியில் உட்காரவைத்து மெல்ல ஓட்டச் சொல்லி, அப்போது மீட்டரைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி ஒன்று 10.5-க்குக் கீழே விழுந்தால் அதுவே குற்றவாளி. இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பல நேரம் ஒன்று நன்றாக இருக்கும், மற்றது படுத்திருக்கும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சமயத்தில் வந்த சரக்காக இருக்கட்டும். புதியதோடு பழையதைக் கட்டினால், பழையது புதியதையும் இழுத்துக் கெடுத்துவிடும்.

வரிசை தப்பாமல் பாருங்கள்

பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைக் காலிப் பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்திக்கொள்ளுங்கள். செயின் பக்கம் குழந்தைகள் கை வைக்காமல் தள்ளி நிற்கட்டும். பிறகு கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. சார்ஜர்: சுவரில் செருகினால் விளக்கு எரிகிறதா? 24 வோல்ட் சார்ஜரின் முனையில் மீட்டர் வைத்தால் 27 முதல் 29 வோல்ட் வரை காட்ட வேண்டும். சில சார்ஜர்கள் பேட்டரியோடு சேர்ந்தால்தான் மின்சாரம் விடும். அவற்றைச் செருகிவிட்டு, பேட்டரியின் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறதா என்று பாருங்கள். சிவப்பு விளக்கு ஏறுகிறது என்றும், பச்சை நிறைந்தது என்றும் பொதுவாக வைத்திருப்பார்கள். காலியான வண்டியில் செருகிய உடனே பச்சை வந்தால், சார்ஜர் கொடுப்பது பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். சார்ஜ் துளையிலோ அந்த ஒயரிலோ பேட்டரியிலோ பழுது.

2. பியூஸ்: கழற்றி எடுத்து மீட்டரைச் சத்தம் வரும் நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால் நல்லது. சில வண்டிகளில் பியூஸுக்குப் பதில் அழுத்தி விடும் சிறு பொத்தான் இருக்கும். அது வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே அழுத்திவிட்டால் போதும்.

3. இணைப்புகள்: மேடு பள்ளத்தில் குதித்து ஓடும் வண்டி இது. பேட்டரி முனையில் செருகிய ஒயர் தளர்ந்திருக்கும். ஓடும்போது வெட்டி வெட்டி நின்று போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒயரின் முனையில் பிளாஸ்டிக் உருகியோ கறுத்தோ இருந்தால் அங்கே லூஸ் கான்டாக்ட் இருக்கிறது.

4. சாவி சுவிட்ச்: சாவியைத் திருப்பிய பின் சுவிட்சைத் தாண்டிய ஒயரில் முழு வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

5. பிரேக் சுவிட்ச்: விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். லீவர் வளைந்தோ மண் புகுந்தோ சுவிட்ச் எப்போதும் 'பிரேக் பிடித்த' நிலையிலேயே இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அந்த இணைப்பை மட்டும் கழற்றிவிட்டுத் திருகினால் மோட்டார் சுற்றும். தெரிந்தவுடன் சுவிட்சைச் சரி செய்து, இணைப்பைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். கழற்றியபடியே குழந்தையிடம் கொடுப்பது பாவம்.

6. ஆக்சிலேட்டர்: பொதுவாக மூன்று ஒயர் இருக்கும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மூன்றாவது ஒயரில், திருகாதபோது ஒரு வோல்ட்டுக்குள் இருந்து, திருகத் திருக மூன்றரை, நான்கு வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆக்சிலேட்டரை மட்டும் மாற்றினால் போதும்.

7. மோட்டார்: மோட்டாரின் இரண்டு ஒயர்களைக் கழற்றி, நடுவில் பியூஸ் ஒன்று வைத்து, 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றாவிட்டால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

8. கன்ட்ரோலர்: மேலே சொன்ன அனைத்தும் சரி, ஆனாலும் ஓடவில்லை என்றால்தான் கன்ட்ரோலர் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். எட்டாவதாகப் பார்க்க வேண்டியதை முதலாவதாக மாற்றுவதால்தான் காசு வீணாகிறது.

சாவியைத் திருப்பிய மாத்திரத்தில், திருகாமலே வண்டி பாய்ந்தால் உடனே சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த வண்டியைச் சரி செய்யும் வரை குழந்தை தொடக் கூடாது.

சிதம்பரத்தில் நடந்த ஒன்று

நாம் சரக்கு அனுப்பும் சிதம்பரம் கடைக்காரர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையில் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. அவரிடம் பைக் வாங்கிய குடும்பம் பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கேதான் மாத மளிகை எடுக்கிறது. வண்டி நின்றுவிட்டது. வெளியே காட்டியதில், இரண்டு பேட்டரியும் கன்ட்ரோலரும் மாற்ற வேண்டும், நாலாயிரத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் கடையில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, வண்டியைத் திரும்ப எடுத்துக்கறீங்களா? இல்லேன்னா நான் கைக்காசைத்தான் கொடுக்கணும்" என்றார் கடைக்காரர்.

"தம்பி, பணம் எங்கேயும் போகாது. முதல்ல மீட்டரை எடுங்க. பேட்டரி எவ்வளவு காட்டுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றோம்.

இருபத்தைந்தரை வோல்ட் காட்டியது. அப்படியானால் பேட்டரி மேல் குற்றம் இல்லை. விளக்கு எரிகிறதா என்றோம், எரிகிறது என்றார். பிரேக் லீவரைப் பார்க்கச் சொன்னோம். பையன் கீழே விழுந்ததில் லீவர் உள்பக்கமாக வளைந்து, சுவிட்ச் அழுந்தியபடியே இருந்தது. கையால் நிமிர்த்தினார். சக்கரம் சுற்றியது. செலவு ஒரு காசு இல்லை. சத்தம் போட்டவரே, "அண்ணே, கோபத்துல பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த மாத மளிகைச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அந்தக் கடையில் மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் நாலாயிரம் யார் கையைக் கடித்திருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பியூஸுக்குப் பதில் கம்பி வேண்டாம்

பியூஸ் அடிக்கடி போனால், தடித்த கம்பியைச் சுற்றிப் போடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. வீட்டு மெயினிலேயே அது தவறு. குழந்தை உட்காரும் வண்டியில் பெருந்தவறு. பியூஸ் போவது எதனால்? எங்கோ ஒயர் தோலுரிந்து ஷார்ட் ஆகிறது, அல்லது செயினில் கல் மாட்டி மோட்டார் திணறுகிறது, அல்லது சிறு பையனுக்கான வண்டியில் பெரியவர் ஏறி உட்கார்கிறார். அந்தக் காரணத்தை நீக்கி, அதே எண்ணுள்ள பியூஸைப் போட வேண்டும்.

இதில் உலகம் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. 1998 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி, குழந்தைகள் ஏறி ஓட்டும் பவர் வீல்ஸ் பேட்டரி வண்டிகளில் ஒரு கோடி வரையிலானவற்றைத் திரும்ப அழைத்துச் சரி செய்ய நேர்ந்தது. மின்பாகங்கள் சூடேறிக் கெட்டதாகச் சுமார் 700 புகார்கள், 150 அளவில் தீப்பிடித்த சம்பவங்கள். ஒன்பது குழந்தைகளுக்குச் சிறு தீக்காயம். புகார்களை உரிய காலத்தில் அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்பதற்காக 2001-ல் அந்தக் கம்பெனி 11 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அத்தனை பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், 'ஏதோ ஓடினால் சரி' என்று கம்பி சுற்றிக் கொடுக்கும் நாம் எம்மாத்திரம்?

லித்தியம் என்றால் வேறு மரியாதை

புதிதாக வரும் வண்டிகளில் லித்தியம் பேட்டரியும் இருக்கிறது. எடை குறைவு, ஓட்டம் அதிகம். ஆனால் ஈயப் பேட்டரியின் சார்ஜரை இதற்குப் போடக் கூடாது. உப்பியதை, விழுந்து நசுங்கியதை, தண்ணீரில் மூழ்கியதை சார்ஜில் போடக் கூடாது. பிரித்துப் பார்க்கவும் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியை நாம் மறக்கக் கூடாது.

எந்தப் பேட்டரியானாலும் படுக்கும் அறையிலும், மாடிப்படிக்குக் கீழும், கடையின் ஒரே வாசலை மறித்தும் சார்ஜ் போட வேண்டாம். அட்டைப் பெட்டி, சாக்கு, எண்ணெய் டின் பக்கத்தில் வேண்டாம். கடை சாத்திவிட்டுப் போகும்போது எந்தச் சார்ஜரும் செருகியபடி இருக்கக் கூடாது.

கடலூர்க் காற்றும் மழையும்

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு இரும்பு ஷட்டர் என்ன பாடுபடுகிறது என்று தெரியும். அதே உப்பு பேட்டரி முனையிலும் ஒயரிலும் பச்சைக் களிம்பாகப் பிடிக்கிறது. இதற்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கடற்கரை மணலில் ஓட்டிய வண்டியை மோட்டார் வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது. துடைத்தால் போதும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை மீறியதையும் பார்த்தவர்கள் நாம். வெள்ளத்தில் நின்ற வண்டியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, கன்ட்ரோலரையும் இணைப்புகளையும் பல நாள் உலரவிட்டு, தெரிந்தவரிடம் காட்டிய பிறகே மாட்ட வேண்டும்.

குடோனில் தூங்கும் சரக்கு

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் இது. ஈயப் பேட்டரி அரிசி மூட்டையைப் போன்றதல்ல. சும்மா வைத்திருந்தாலே அதன் சார்ஜ் இறங்கிக்கொண்டே வரும். வெயில் ஏறினால் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் உள்ளே உள்ள ஈயத் தகட்டில் உப்புப் படிந்து, பிறகு சார்ஜே ஏறாது. பொங்கலுக்கு வாங்கி விற்காமல் தகரக் கூரைக்குக் கீழே போட்டு வைத்த வண்டி, மே மாதம் விற்கும்போது செத்த பேட்டரியோடுதான் போகும். ஆகவே:

- வாங்கிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். முதலில் வந்ததை முதலில் விற்பனைக்கு எடுங்கள்.
- இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து சார்ஜ் ஏற்றுங்கள்.
- விற்கும் அன்று வாடிக்கையாளர் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டி, அந்த எண்ணையும் தேதியையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். பின்னால் வாக்குவாதம் வராது.
- முதல் முறை முழுமையாக ஏற்ற வேண்டும், ஓட்டி முடித்ததும் ஏற்ற வேண்டும், ஓட்டாத மாதத்திலும் ஒருமுறை ஏற்ற வேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்புங்கள். புத்தகத்தை யாரும் படிப்பதில்லை.
- ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சரக்கை விலை மலிவு என்று எடுக்காதீர்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் இயங்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 15644 என்ற தரம். முத்திரை இல்லாததை விற்பது சட்டப்படி குற்றம், மாட்டுபவர் சில்லறைக் கடைக்காரர்தான்.
- செத்த பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியே பிரித்து, சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளே இருப்பது ஈயம், அதற்கு விலையும் உண்டு. புதிய பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம்.

மற்றச் சாமான்களுக்கும் இதே கணக்கு

இவ்வளவும் தெரிந்துகொண்டால் பைக்கோடு போவதில்லை. நம் எலெக்ட்ரானிக் தராசுகளில் பலவற்றுக்குள்ளும், எமர்ஜென்சி விளக்கிலும் இருப்பது இதே வகைச் சிறு பேட்டரி. தராசு மின்தடையில் பத்து நிமிடத்தில் அணைந்துபோனால் தராசு கெட்டுவிட்டது என்று புதிது வாங்க ஓடாதீர்கள். பேட்டரியைப் பாருங்கள். ஆனால் எடையளவுத் துறையின் முத்திரையைத் தொடாதீர்கள். பேட்டரிக்குத் தனி மூடி இல்லாவிட்டால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இன்வெர்ட்டரில் நீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால், அளவுக்கோட்டுக்குக் குறையாமல் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.

பேட்டரி பைக் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிய குழந்தைக்கு, அது ஓடாமல் மூலையில் நிற்பதைவிடப் பெரிய வருத்தம் இல்லை. விற்ற நமக்கும் அதில் பெருமை இல்லை. சரக்கை விற்பதோடு, அது ஓடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் வியாபாரத்தில் சேர்ந்ததே. இந்த வாரமே ஒரு மீட்டர் வாங்கி வையுங்கள். கடைப் பையனுக்கும் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்.